கல்லைப் பிடித்தலும் கல்லை விடுதலும்

(இளம் அறிவியல், மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

கல் நீரில் ஆழும். கட்டை நீரில் மிதக்கும். பள்ளிக்கூட வாசலை மிதியாதவரும் அறிந்த உண்மை இது. ஆனால் மனிதன் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவன். மார்பு நிறைய மூச்சை இழுத்தால் அவன் கட்டை. மூச்சை விட்டுவிட்டால் கல். நீரில் இறங்கும் மனிதனின் வாழ்வும் சாவும் பல வேளைகளில் இந்தச் சிறு வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளினர் என்றும், அக்கல்லே தெப்பமாகி அவரைக் கரை சேர்த்தது என்றும் பெரியபுராணம் கூறும். அது திருவருளின் செயல். இக்கட்டுரையில் நாம் காணப்போவது வேறொரு கல்லை. தம் காலில் தாமே கல்லைக் கோத்துக்கொண்டு ஆழ்கடலில் இறங்கி, உயிரோடும் முத்துச் சிப்பியோடும் மேலே வந்த தென்பாண்டிக் கடற்கரை மக்களின் கல் அது. அதன் பின்னே ஓர் அருமையான இயற்பியல் மறைந்திருக்கிறது.

“காவிரிக் கரையில் இருக்கும் நமக்கு முத்துக்குளிப்பு எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘செங்கடல் செலவு’ என்னும் ‘பெரிப்ளுஸ்’ நூல், பாண்டி நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததைக் குறிப்பிடுகிறது. அடுத்ததாக ‘அர்காரு’ என்னும் உள்நாட்டு நகரைச் சொல்லி, அப்பகுதிக் கடலில் எடுத்த முத்துகள் அங்கேதான் விற்கப்பட்டன என்கிறது. அந்த அர்காரு நமது உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே முத்தும் திருச்சிராப்பள்ளிக்கு அயலான பொருள் அன்று. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. மன்னார் வளைகுடாவில் செல்லுபடியாகும் அதே விதி, ஜீயபுரத்தை ஒட்டி ஓடும் காவிரியிலும் முக்கொம்பிலும் செல்லுபடியாகும். ஆனால் கணக்கில் ஒரு சிறு மாற்றம் உண்டு. அந்த மாற்றம் உயிரைக் காக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும்.

மிதப்பின் கணக்கு

நீரில் மூழ்கிய பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதனை மேல்நோக்கித் தள்ளுகிறது. இது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். விசையை நியூட்டனில் சொல்வதே முறை. ஆயினும் பிற துறை நண்பர்களுக்கும் எளிதாக விளங்கவேண்டிக் கிலோவிலேயே சொல்கிறேன்.

அறுபது கிலோ எடையுள்ள மெலிந்த இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். நுரையீரலில் உள்ள காற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால் அவன் உடலின் பருமன் ஏறக்குறைய 57 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூச்சை முழுவதும் இழுத்தால் நுரையீரலில் சுமார் ஐந்தரை லிட்டர் காற்று நிற்கும். இயன்ற மட்டும் வெளியே விட்டாலும் ஒன்றரை லிட்டர் அளவு உள்ளே தங்கிவிடும்.

இவன் காவிரியில் இறங்குகிறான். நல்ல தண்ணீர் ஒரு லிட்டரின் எடை ஒரு கிலோ. மூச்சு நிறைந்திருக்கும்போது அவன் பருமன் 62.5 லிட்டர். ஆகவே நீர் அவனை 62.5 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். அவன் எடை அறுபதே. எனவே இரண்டரை கிலோ மிச்சத்தில் மிதப்பான். மூச்சை விட்டுவிட்டால் பருமன் 58.5 லிட்டராகக் குறையும். இப்போது ஒன்றரை கிலோ அளவுக்குக் கீழே இழுக்கப்பட்டு ஆழ்வான்.

அதே இளைஞன் தூத்துக்குடிக் கடலில் இறங்குகிறான். உப்பு கரைந்த கடல்நீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ எடையுள்ளது. மூச்சு நிறைந்தபோது மேல்நோக்கும் மிச்சம் நான்கு கிலோ. மூச்சை முழுவதும் விட்டாலோ ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான். நீரோடு நீராய் நிற்பான். கடல் அவனுக்கு ஒன்றரை கிலோ கடன் கொடுக்கிறது. காவிரி அந்தக் கடனைக் கொடுப்பதில்லை. கடலில் மிதந்து பழகியவன் ஆற்றில் தடுமாறுவதன் காரணம் இதுதான்.

ஆழம் செய்யும் மாற்றம்

மிதப்பு மேற்பரப்பில் ஒரு விதம். ஆழத்தில் வேறு விதம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் இரு மடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும் என்பது 1662-இல் பாயில் வெளியிட்ட விதி. உடலின் தசையும் எலும்பும் சுருங்குவதில்லை. நுரையீரலின் காற்று சுருங்குகிறது.

நம் இளைஞன் மூச்சை நிரப்பிக்கொண்டு கடலில் இறங்கினால், மேற்பரப்பில் நான்கு கிலோவாக இருந்த மிதப்பு, பத்து மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 1.2 கிலோவாகும். இருபது மீட்டரில் 0.3 கிலோ. முப்பது மீட்டரில் மிதப்பே இல்லை; அவன் மெல்லக் கீழே செல்லத் தொடங்குவான். உயிருள்ள மார்புக்கூடு கண்ணாடிக் குழாயைப் போலக் கணக்காகச் சுருங்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும் போக்கு இதுதான்: முதல் சில மீட்டர் இறங்குவது கடினம், பின்னர் எளிது. மேலே வரும்போது நேர்மாறாக, தொடக்கம் கடினம்; முடிவு எளிது.

காவிரி நீரில் இதே கணக்கைப் போட்டால், எட்டு ஒன்பது மீட்டரிலேயே மிதப்பு தீர்ந்துவிடும்.

முத்துக்குளிப்போரின் கல்

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் பெயர் பெற்றது. இந்தப் பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்தில், அதாவது ஒன்பது முதல் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களும் இக்கடலில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வந்தவர்கள்.

இவர்கள் தொழிலை நேரில் கண்டெழுதியோருள் ஒருவர் இராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. இலங்கையைப் பற்றி 1803-இல் அவர் வெளியிட்ட நூலில் முத்துக்குளிப்பு விரிவாக வருகிறது. படகு ஒன்றுக்குத் தண்டல் நீங்கலாக இருபது பேர். பத்துப் பேர் துடுப்பு வலிப்பவர். குளிப்பவரை மேலே இழுப்பவரும் அவர்களே. மற்றப் பத்துப் பேர் குளிப்பவர். படகில் ஐந்து கற்கள் இருக்கும். ஐவர் கடலுக்குள் இருக்கும்போது ஐவர் மேலே இளைப்பாறுவர். கல் செந்நிறக் கருங்கல்; கூம்பு போன்ற வடிவம்; சிறுத்த முனையில் கயிறு நுழைய ஒரு துளை.

குளிப்பவர் வலது கால் விரல்களால் கல்லின் கயிற்றைப் பற்றிக்கொள்வார். இடது காலில் சிப்பி அள்ளும் வலைப்பை. வலக்கையில் இன்னொரு கயிறு. இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். மேலே உள்ளவர் அதை இழுத்துக்கொள்வர். கை எட்டிய சிப்பிகளை விரைந்து பையில் சேர்த்தபின் கையில் உள்ள கயிற்றைச் சுண்டுவார். அக்கணமே மேலே உள்ளவர் இழுக்கத் தொடங்குவர். நீருக்குள் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியதே.

இதில் கல்லின் வேலை என்ன? “மனிதனை ஆழ்த்துவது” என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் நாம் மேலே போட்ட கணக்கு இன்னும் நுட்பமான விடையைத் தருகிறது.

இருபது கிலோ கருங்கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் ஒப்படர்த்தி 2.65 எனில், பருமன் சுமார் ஏழரை லிட்டர். அது விலக்கும் கடல்நீர் 7.7 கிலோ. எனவே நீருக்குள் அக்கல் பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று மேலாகக் கனக்கும். குளிப்பவரின் நான்கு கிலோ மிதப்பைக் கழித்தால், தொடக்கத்திலேயே எட்டு கிலோ விசை அவரைக் கீழே இழுக்கிறது. கை கால் அசைக்க வேண்டியதில்லை; நெஞ்சில் அடக்கிய மூச்சு வீணாகாமல் அப்படியே இருக்கும். உடல் உழைத்தால் பிராணவாயு செலவாகும். கீழே செல்லும் உழைப்பைக் கல் ஏற்றுக்கொள்கிறது. குளிப்பவர் தம் மூச்சைச் சிப்பி பொறுக்குவதற்கென்று சேமித்துக்கொள்கிறார்.

அடி சேர்ந்தபின் என்ன ஆகிறது? பதினெட்டு மீட்டர் ஆழத்தில் நுரையீரலின் காற்று சுருங்கி, மிதப்பு அரைக் கிலோவுக்கும் கீழே வந்திருக்கும். இப்போது அவருக்குக் கல் தேவையில்லை. கல்லில்லாமலேயே ஏறக்குறைய நிலையாக நின்று வேலை செய்யலாம். கல்லை வைத்துக்கொண்டிருந்தாலோ, திரும்பும்போது பன்னிரண்டு கிலோவையும் சேர்த்துத் தூக்கவேண்டும். மூச்சு தீரும் வேளையில் அந்தச் சுமை எமனாகும். எனவே அடியைத் தொட்டதும் கல்லை விட்டார்கள். நுரையீரலின் கொள்ளளவை அளந்தவர்கள் அல்லர் அவர்கள்; பாயிலின் பெயரைக் கேட்டவர்களும் அல்லர். ஆனால் எந்த இடத்தில் எடை நண்பன், எந்த இடத்தில் அதே எடை பகைவன் என்பதைத் தெரிந்திருந்தார்கள்.

பெர்சிவல் மற்றொரு வகைக் கல்லையும் குறிப்பிடுகிறார். பிறை வடிவான அக்கல்லைச் சிலர் வயிற்றோடு கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். கால்கள் இரண்டும் தடையின்றி இருக்கும் என்பதற்காக. இன்று உலகெங்கும் மூழ்குவோர் இடுப்பில் அணியும் எடைப்பட்டையின் முன்னோடி இது எனலாம்.

கயிறு பிடிப்பவர்

கல்லை விட்டால் மட்டும் போதாது. விட்டவரை மேலே கொண்டுவர ஆள் வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பவரின் கவனத்தில்தான் குளிப்பவரின் உயிர் இருக்கிறது. இதனாலேயே மனைவியின் உடன்பிறந்தானை, அதாவது மச்சானை, அழைத்துக் கயிற்றை அவன் கையில் கொடுப்பார்கள் என்று தென்கடற்கரையில் ஒரு பேச்சு வழங்குகிறது. தன் உடன்பிறந்தாள் தாலிக்கு ஊறு வர மச்சான் விடமாட்டான் என்பது அதன் கருத்து.

ஜப்பானில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ‘அமா’ பெண்களிடையிலும் இதையொத்த முறை ஒன்று உண்டு. அவர்களுள் ஒரு பிரிவினர் எடையைப் பற்றிக்கொண்டு விரைவாக இறங்குவர். படகில் இருக்கும் கணவன் கயிற்றால் மேலே இழுப்பான். கிரேக்கத் தீவுகளில் கடற்பஞ்சு எடுப்போர் தட்டையான ஒரு கல்லைக் கையில் ஏந்தித் தலைகீழாக இறங்குவர். 1913-இல் ஹாஜி ஸ்டாதிஸ் என்னும் கிரேக்கர் இவ்வாறே இறங்கி, ‘ரெஜினா மார்கெரிட்டா’ என்னும் இத்தாலியப் போர்க்கப்பல் இழந்த நங்கூரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆழம் எழுபது மீட்டருக்கும் மேல் என்பர். 2007-இல் ஆஸ்திரிய நாட்டு ஹெர்பர்ட் நிட்ச் 214 மீட்டர் ஆழம் ஒரே மூச்சில் சென்றார். அவரும் எடை ஏற்றிய ஒரு சட்டகத்தில்தான் இறங்கினார். மேலே வந்தது எடையின் துணையால் அன்று, காற்றின் மிதப்பால். தென்பாண்டிக் கடலின் பழைய முறையும் இந்த உலகச் சாதனையும் அடிப்படையில் ஒன்றே: இறங்கக் கல், ஏறக் கல்லின்மை.

கல் போய் ஈயம் வந்தது

தூத்துக்குடிப் பகுதியில் 1955 தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. சிப்பி வளம் குன்றிவிட்டது. பின்னர் 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன அறிவியலார் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்து உண்டாக்குவதில் வெற்றி கண்டனர். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. முத்துக்குளிப்பு போயிற்றே தவிர, சங்குகுளிப்பு இன்றும் நடைபெறுகிறது. கல்லும் கயிறும் இருந்த இடத்தில் இப்போது காற்றழுத்தப் பொறியும் நீண்ட குழாயும் வந்துள்ளன.

மூழ்குவோர் தாமே காற்றைச் சுமந்து செல்லும் வழியை 1943-இல் பிரெஞ்சு நாட்டு ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கினர். முதுகில் காற்று உருளை, வாயில் காற்றைச் சீராக்கித் தரும் கருவி. இதனையே ‘ஸ்கூபா’ என்கிறோம். இக்கருவியோடு எடையின் சிக்கலும் புது வடிவம் எடுத்தது. முத்துக்குளிப்பவர் கல்லோடு இறங்கிக் கல்லில்லாமல் ஏறினார். ஸ்கூபா அணிந்தவர் தம் எடையை இறங்கும்போதும் சுமக்கிறார், ஏறும்போதும் சுமக்கிறார். ஆகவே எவ்வளவு எடை என்பதை அவர் முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும்.

குளிரைத் தாங்க அணியும் நியோப்ரீன் ரப்பர் உடையில் நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்துள்ளன. மேற்பரப்பில் அவை பல கிலோ மிதப்பைத் தரும். ஆழத்தில் நசுங்கி அதனை இழக்கும். இம்மிதப்பை ஈடுகட்ட இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பட்டையை அணிவர். ஈயம் ஏன்? அதன் ஒப்படர்த்தி 11.3. கருங்கல் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை நீரில் இழக்கிறது. ஈயம் பதினொன்றில் ஒரு பங்கை மட்டுமே இழக்கிறது. சிறிய இடத்தில் பெரிய எடை.

உருளையில் உள்ள காற்றுக்கும் எடை உண்டு. பதினோரு லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் இருநூறு மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால், அது சாதாரண நிலையில் 2200 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் ஏறக்குறைய 2.6 கிலோ. சுவாசிக்கச் சுவாசிக்க இந்த எடை குமிழிகளாகப் போய்விடும். எனவே முழு உருளையோடு சரியாக இருந்தவர், காற்று தீரும் தறுவாயில் இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகிவிடுவார். இதனையும் கணக்கில் சேர்த்தே எடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“சற்று அதிகமாகவே கட்டிக்கொண்டால் என்ன?” என்பது புதியவர் பலரின் எண்ணம். அதிக எடையை ஈடுகட்ட மிதப்புச் சட்டையில் அதிகக் காற்றை ஊதவேண்டியிருக்கும். மேலே ஏறும்போது அந்தக் காற்று பாயிலின் விதிப்படி விரியும். விரிய விரிய மிதப்பு கூடும். மிதப்பு கூடக் கூட வேகம் கூடும். கட்டுக்கடங்காமல் மேலே வீசப்படும்போது மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரலே கிழிந்துபோகும். அதனால்தான் ஸ்கூபாப் பயிற்சியின் முதற்பாடம், மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. ஆழத்தில் நெடுநேரம் இருந்து விரைவாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுவலி, பக்கவாதம், மரணம் வரை கொண்டுபோய்விடும். குழாய்க் காற்றில் மூழ்கும் சங்குகுளித் தொழிலாளர்க்கும் இந்த ஆபத்து உண்டு. அழுத்தக் காற்றைச் சுவாசிக்காமல் ஒரே மூச்சில் போய்வந்த பழைய முத்துக்குளிப்பில் இந்நோய்க்கு இடம் மிகக் குறைவு. கருவி மாறிய அளவுக்குப் பயிற்சியும் அத்தொழிலாளர்க்குக் கிடைக்கவேண்டும் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

நீரும் மாறினால் எடையும் மாறவேண்டும். உடலும் கருவியுமாக 85 லிட்டர் நீரை விலக்கும் ஒருவர், இராமேசுவரம் கடலில் சரியாக எடை கட்டிப் பழகியவர், அதே எடையோடு காவிரியிலோ மேட்டூர் அணையிலோ இறங்கினால் இரண்டு கிலோ மிகுதியாகச் சுமப்பவராவார்.

விடமுடியாத எடை

எடைப்பட்டையின் மிக முக்கியமான உறுப்பு ஈயம் அன்று, அதன் கொக்கி. ஒரே கையால் ஒரே இழுப்பில் அவிழும்படி அது அமைந்திருக்க வேண்டும். ஆபத்தில் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டால் உடல் தானே மேலே வரும். ஆயினும் வெளிநாடுகளில் மூழ்கி இறந்தோரைப் பற்றி நடந்த ஆய்வுகள் ஒரு துயரமான செய்தியைத் தெரிவிக்கின்றன. இறந்தோரில் பெரும்பாலோரின் இடுப்பில் எடை அப்படியே இருந்தது. கொக்கி கெட்டுப்போகவில்லை, திகிலில் கை அங்கே போகவில்லை. முத்துக்குளிப்பவர் ஒவ்வொரு முறையும் கல்லை விட்டார். விடுவது அவர் தொழிலின் பழக்கம். ஸ்கூபா அணிந்தவர்க்கு விடுவது என்பது என்றோ ஒருநாள் வரும் அவசரம். பழகாத கை அவசரத்தில் உதவாது. ஆகவே எடையைக் கழற்றுவதைத் தனியே பலமுறை பழகவேண்டும் என்கின்றனர் பயிற்சியாளர்.

கருவியின்றி மூச்சடக்கி மூழ்குவோர்க்கு வேறோர் ஆபத்து. ஆழத்தில் அழுத்தம் மிகுந்திருப்பதால் எஞ்சியுள்ள பிராணவாயு குறைவாயினும் மூளைக்குப் போதுமானதாக இருக்கும். மேலே ஏறும்போது அழுத்தம் விரைந்து குறைய, பிராணவாயுவின் பகுதி அழுத்தமும் சரிந்து, கடைசிச் சில மீட்டரில் முன்னறிவிப்பின்றி மயக்கம் வரும். அந்த வேளையில் உடல் மிதப்பாக இருந்தால் மேற்பரப்பில் வந்து கிடக்கும், துணைவர் காப்பாற்றலாம். எடை மிகுந்திருந்தால் திரும்பவும் ஆழத்துக்கே போய்விடும். அதனால்தான் மூச்சை வெளியே விட்ட நிலையிலும் மேற்பரப்பில் மிதக்கும் அளவுக்கே எடை கட்டவேண்டும் என்பதும், தனியே மூழ்கக் கூடாது என்பதும் அவர்களின் விதிகள்.

நம் காவிரிக்கு வருவோம்

நம்மில் பெரும்பாலோர் முத்துக்குளிக்கப் போவதில்லை. ஸ்கூபா அணியப் போவதும் இல்லை. ஆனால் ஆடிப்பெருக்கில் காவிரிக்குப் போகிறோம். அம்மா மண்டபப் படித்துறையில் இறங்குகிறோம். முக்கொம்புக்குச் சுற்றுலா செல்கிறோம். ஜீயபுரம், பெட்டவாய்த்தலைப் பக்கத்து நண்பர்களுக்கு ஆறும் வாய்க்காலும் வீட்டு வாசல். ஆற்றில் மூழ்கி மாணவர் உயிரிழந்தனர் என்ற செய்தி ஒவ்வோராண்டும் நாளேட்டில் வருகிறது. எனவே மேலே கண்ட கணக்கின் பயனை இங்கே பொருத்திப் பார்ப்போம்.

நம் அறுபது கிலோ இளைஞனுக்குக் காவிரியில் உள்ள மிதப்பின் மிச்சம் இரண்டரை கிலோ. அதாவது அசையாமல் கிடந்தால், அவன் உடலில் இரண்டரை லிட்டர் அளவு பகுதி மட்டுமே நீருக்கு வெளியே நிற்கும். தலை மட்டுமே நாலரை லிட்டர் அளவு இருக்கும். ஆகவே நிமிர்ந்து நின்று தலை முழுவதையும் வெளியே வைக்க முயன்றால் கைகால் ஓயாமல் உழைத்தாக வேண்டும். மல்லாந்து படுத்துக் காது வரை நீரில் விட்டு முகத்தை மட்டும் வெளியே வைத்தால், அந்த இரண்டரை லிட்டரே போதும்.

தவிக்கும் ஒருவன் என்ன செய்கிறான்? இரு கைகளையும் மேலே தூக்குகிறான். ஒரு கையின் எடை ஏறக்குறைய மூன்று கிலோ. நீருக்குள் இருக்கும்வரை அதனை நீர் தாங்கியது; வெளியே வந்ததும் ஆறு கிலோவும் அவன் தலைமேல் ஏற்றிய கல்லாகிறது. அடுத்து, “காப்பாற்றுங்கள்” என்று கத்துகிறான். கத்தும்போது மூச்சுக் காற்று வெளியே போகிறது. இரண்டு மூன்று லிட்டர் போய்விட்டால் இருந்த மிச்சமும் தீர்ந்தது. கையைத் தூக்குவதும் கத்துவதும் இயற்கையாக எழும் செயல்கள். ஆனால் நீரில் அவை கல்லைக் கட்டிக்கொள்வதற்கு ஒப்பானவை. கையை நீருக்குள்ளேயே வைத்து, மல்லாந்து, மார்பில் காற்றை நிறுத்திச் சிறுசிறு மூச்சாக விட்டு வாங்குவதே பிழைக்கும் வழி.

நனைந்த துணி கனமாகி ஆளை அமிழ்த்திவிடும் என்பர். இது பாதி உண்மை. துணியில் ஊறிய நீருக்கு நீருக்குள் எடை இல்லை. அரைக் கிலோ நூல் சேலை நீருக்குள் இருநூறு கிராம்கூடக் கனக்காது. ஆனால் காலைச் சுற்றி நீந்தவிடாமல் தடுக்கும். கரையேறும்போதுதான் ஊறிய நீர் முழுவதும் எடையாகித் தோளை இழுக்கும். துணியைக் கண்டு திகிலடைய வேண்டாம். கால் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பாற்றச் செல்பவர்க்கும் ஒரு சொல். மூழ்குபவன் பிடித்தால் பிடியை விடமாட்டான். அறுபது கிலோ ஆள் நம் கழுத்தைக் கட்டிக்கொண்டால், அது கொக்கியில்லாத எடைப்பட்டை. ஒருவரைக் காக்கச் சென்று இருவராக மாண்ட கதைகள் இதனால்தான். எனவே நீந்தத் தெரிந்தவரும் உடனே குதிக்காமல், முதலில் எதையாவது எறியவேண்டும். மூடி இறுகிய ஐந்து லிட்டர் வெற்று எண்ணெய்க் கேன் ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தாங்கும். ஒரு தலையை நீருக்கு மேலே வைக்க அது போதும். இருபது லிட்டர் குடிநீர்க் கேன் மூடியோடு கிடைத்தால் இன்னும் நல்லது. வேட்டியோ கயிறோ நீட்டலாம். முந்திய தலைமுறையார் பிள்ளைகளின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டியும், வெட்டிய வாழைமரத்தைப் பிடிக்கச் செய்தும் நீச்சல் பழக்கியது இக்கணக்கை அறிந்துதான். மூழ்குபவன் நம்மைப் பற்றிக்கொண்டே விட்டால், பயிற்சி பெற்றோர் கூறும் வழி, நாம் மூச்சை நிரப்பிக்கொண்டு நீருக்குள் இறங்குவது. அவன் தேடுவது நம்மை அன்று, காற்றை. நாம் ஆழ்ந்தால் அவன் பிடி தளரும்.

நண்பர்களே! நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், குளம் தூர்வாருகிறோம். ஆண்டுக்கு ஒருநாள், இடுப்பளவுத் தண்ணீரில், நீச்சல் அறிந்த ஆசிரியர் முன்னிலையில், மல்லாந்து மிதக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் என்ன? ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு வெற்றுக் கேனையும் பத்துப் பாகம் கயிற்றையும் கட்டித் தொங்கவிட்டால் என்ன? செலவு நூறு இருநூறு ரூபாய்க்கு மேல் போகாது. அடுத்த ஆடிப்பெருக்குக்கு முன்பே இதனைச் செய்து முடிக்கலாம். முதல் கேனையும் கயிற்றையும் ஜீயபுரத்துப் படித்துறையில் கட்டத் துறை நண்பர்கள் சிலரும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம்.